எருக்கலைச் செடியும் ஊர்க் கொப்பியும்

அதிபர்களின் வரிசையும் கட்டடங்கள் எழுந்த கதையும் இந்த நூற்றாண்டு மலரின் வேறு பக்கங்களில் வருகின்றன. பரீட்சைப் பெறுபேறுகளுக்கும் விளையாட்டுக் கேடயங்களுக்கும் எழுதுவோர் உண்டு. எமக்கு ஒதுக்கப்பட்டது கீழ்ப்பிரிவின் வரலாறு. அதிலும் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: 1989இல் ஆண்டு நான்கிலும் 1990இல் ஆண்டு ஐந்திலும் இருந்த எமது வகுப்பு செய்த இரண்டு வேலைகள். ஒன்று ஊர் வரலாறு, மற்றது வண்ணத்துப்பூச்சி. 'செயற்றிட்டம்' என்ற பெரிய சொல் அப்போது எமக்குத் தெரியாது. முதலாவது ஊர்க் கொப்பி, இரண்டாவது பூச்சிக் கொப்பி, அவ்வளவுதான். இரண்டும் நாற்பது தாள் கொப்பிகள், பழைய கலண்டர்த் தாளில் உறை போட்டவை.

ஊர்க் கொப்பி பெயர்களில் தொடங்கியது. தம்பிலுவில் என்ற பெயரின் கடைசியில் ஏன் 'வில்' இருக்கிறது என்று சுற்றாடல் ரீச்சர் கேட்டார். அம்பும் வில்லும் என்றுதான் எல்லோரும் சொன்னோம். பிறகு கரும்பலகையில் கோளாவில், ஒலுவில், பொத்துவில் என்று அடுக்கி எழுதி, இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னார். மறுநாள் பதில் வந்தது: தண்ணீர். வில் என்பது தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளத்துக்குப் பழைய பெயர். அதன் பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை. மருத மரம் நின்ற முனை மருதமுனை, காஞ்சிரை நின்ற குடா காஞ்சிரங்குடா, பனை நின்ற காடு பனங்காடு. மரம் போய்விட்டாலும் பெயர் நிற்கிறது என்பதை ஒன்பது வயதில் நாமாகவே பிடித்துக்கொண்டோம். எந்த ஊரில் அந்த மரம் இன்னும் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒரு அட்டவணையும் போட்டோம். அந்த அட்டவணை பின்னர் பூச்சிக் கொப்பிக்கும் உதவியது; அதைப் பிறகு சொல்கிறோம்.

எமது கரையின் வரலாற்றை எழுதியவர்கள் இல்லாமலில்லை. எஸ்.ஓ. கனகரத்தினம் 1921இல் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். அதுவரை நாமும் மட்டக்களப்பு மாவட்டத்தினரே. வித்துவான் எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். பண்டிதர் வி.சி. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வந்தது. இவை பெரியவர்களின் நூல்கள். மன்னர், கோயில் உரிமை, குடி வரிசை எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது எந்த வீட்டு அம்மம்மா எந்தப் பிள்ளையை நெற்பெட்டிக்குள் இருத்திக் காப்பாற்றினார் என்பது எந்த நூலிலும் வராது. அது எமது ஊர்க் கொப்பியில் இருந்தது. அந்தச் சூறாவளியில் இலங்கையில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துக்கொண்டன. எமது வகுப்பில் அநேகர் அதற்கு ஓரிரு வருடங்கள் முன்னோ பின்னோ பிறந்தவர்கள். "நீ பிறந்தது காத்துக்கு முன்னமா பின்னமா மகள்?" என்றுதான் ஊரில் வயது கேட்பார்கள். நாம் பிறந்ததைக் குறித்துச் சொல்லும் நிகழ்ச்சியின் கதையை நாமே கேட்டு எழுதினோம்.

ரீச்சரின் கட்டளைகள் கண்டிப்பானவை. சொன்னவர் யார், எந்த உறவு என்று பக்கத்தின் மேலே எழுத வேண்டும். சொன்ன சொல்லை மாற்றக்கூடாது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். பதில் கிடைக்காத கேள்விக்கு எதையாவது போட்டு நிரப்பாமல் இடம் விட்டுவைக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியில் நோயாளியின் வரலாறு எடுக்கக் கற்றுத்தந்தபோது இவற்றைத்தான் வேறு வார்த்தைகளில் மீண்டும் சொன்னார்கள். நோயாளி தன் வாயால் சொன்னதை அப்படியே எழுது, உன் முடிவை அவர் வாயில் போடாதே என்று. இன்றும் பல இளம் வைத்தியர்களுக்கு அது வருவதில்லை. வெறும் இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

பெண்பிள்ளைகளின் பாடசாலை என்பதால் ஊர்க் கொப்பியில் ஒரு விசேடம் நேர்ந்தது. எமது பகுதியில் குடி தாய்வழியில் இறங்குவது. மகளுக்கே வீடு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ஆகவே குடியைப் பற்றிக் கேட்கப்போனால் அம்மா, அம்மம்மா, அவரின் அம்மா என்று பெண்களின் பெயராகவே மேலே போகும். தாத்தாமார் விளக்கம் சொன்னார்கள். பெயர் தெரிந்தவர்கள் பாட்டிமாரே. வகுப்பில் ஒருத்தி ஏழு தலைமுறைப் பெண்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்தாள். அதைக் கேட்ட அவளுடைய அப்பா, தன் பக்கத்தில் மூன்றுக்கு மேல் தெரியாது என்று சொல்லிச் சிரித்தாராம். வைகாசிச் சடங்குக் காலத்தில் கண்ணகி அம்மன் கோயிலில் வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கொம்பு முறித்த காலத்தையும் பாட்டிமார் சொன்னார்கள். யார் எந்தச் சேரி என்பதில் வகுப்பறையிலேயே ஒரு சண்டை மூண்டது. ரீச்சர் அதையும் எழுதச் சொன்னார்.

பூச்சிக் கொப்பிக்கு வருவோம். அது பாடசாலை வேலிக்கரையில் நின்ற எருக்கலையில் ஆரம்பித்தது. மணற்பாங்கான எமது ஊரில் எருக்கலைக்குப் பஞ்சமில்லை. அதன் இலையின் அடியில் வெள்ளையாக ஒரு முட்டை. மூன்று நான்கு நாளில் புழு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளும் உடலில் மூன்று சோடிக் கறுப்புக் கொம்புகளும் உடையது. ஹோர்லிக்ஸ் போத்தலில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, நாளும் புது இலை போட்டோம். எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று ரீச்சர் பயமுறுத்தியதால் இலை பறிப்பது பெரிய பிள்ளைகளின் வேலை. அது வெறும் பயமுறுத்தல் அல்ல. கருவிழி பாதிக்கப்பட்டு வருவோரைக் கண் வைத்தியர்கள் பார்க்கிறார்கள். இலையை ஒடித்தால் வழியும் அந்தப் பாலுக்கு நடுவில் புழு எப்படிச் சாப்பிடுகிறது என்பது எமது முதல் கேள்வி. இரண்டு நாள் உற்றுப் பார்த்த பிறகு விடை கிடைத்தது. அது முதலில் இலை நரம்பைக் கடித்து அறுக்கிறது. பால் அங்கேயே வடிந்துவிட, அப்பால் உள்ள பகுதியைச் சாவகாசமாகத் தின்கிறது. சுமார் இரண்டு வாரத்தில் அது தலைகீழாகத் தொங்கிப் பச்சை நிறக் கூடாகும். கூட்டில் பொன் பொட்டுகள். இன்னும் ஒரு வாரமோ சற்றுக் கூடவோ சென்று செம்மஞ்சள் சிறகுடன் வெளியே வரும்.

எருக்கலையின் நஞ்சு இதயத்தைப் பாதிக்கும் வகையைச் சேர்ந்தது. வைத்தியத்தில் பயன்படும் டிஜிட்டாலிசுக்கு அது உறவுமுறை. புழு அதைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அந்த வண்ணத்துப்பூச்சியை விட்டுவிடுகின்றன. இதைக் கண்டு வேறொரு இனத்தின் பெண் பூச்சி அதே செம்மஞ்சள் சேலையை உடுத்திக்கொண்டு திரியும். ஆணுக்கு அந்த வேடம் இல்லை. அது கறுப்பில் வெள்ளைப் பொட்டுகளுடன் இருக்கும். எமது வகுப்புக்கு இந்தப் பாடம் தெரியாது. ஆனால் பூச்சிக் கொப்பி ஒன்றில், "சிலதுக்குப் பின்சிறகில் பல கறுப்புப் புள்ளி. ஒன்றுக்கு ஒரே புள்ளி. ஏன்?" என்று எழுதி, கீழே இடம் விடப்பட்டிருக்கிறது. அந்தப் புள்ளிதான் அசலையும் போலியையும் பிரிக்கும் அடையாளம். ஒன்பது வயதுப் பிள்ளை தன் கண்ணால் அதைக் கண்டிருக்கிறாள்.

தேசி மரத்திலும் கறிவேப்பிலையிலும் பிடித்த புழுக்கள் முதலில் காக்கை எச்சம் போல இருந்து பிறகு பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு கிளையாக ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். குருவிச்சை படர்ந்த மரம், கொன்றை, சிறுபூனைக்காலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விருந்தாளி இருந்தது. இலங்கையில் ஏறத்தாழ 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. எமது கொப்பிகளில் இருபதுகூட வராது. அவற்றுக்குத் தமிழில் பெயர் தேடியபோது ஊரில் பெயரே இல்லை. எல்லாம் வண்ணத்துப்பூச்சி, மிஞ்சினால் தட்டான் அல்லாத ஒன்று! ஆகவே இலையின் பெயரையே வைத்தோம்: எருக்கலைப் பூச்சி, தேசிப் பூச்சி, கொன்றைப் பூச்சி. தமிழ்நாட்டில் இப்போது ஆர்வலர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி வருகிறார்கள். 2019இல் தமிழ் மறவன் என்பதை மாநில வண்ணத்துப்பூச்சியாகவே அறிவித்தார்கள். அவர்களின் பெயர்கள் அழகானவைதான். ஆனாலும் புழு எதைத் தின்கிறதோ அதனால் பெயரிட்ட எமது முறையில் ஒரு வசதி உண்டு. பூச்சி வேண்டுமென்றால் எந்தச் செடியை வெட்டக்கூடாது என்பது பெயரிலேயே இருக்கிறது.

ஊர்க் கொப்பியின் மர அட்டவணை இங்கேதான் உதவியது. ஆடுதின்னாப்பாளையில் வளரும், சிவப்பு உடலும் கறுப்புச் சிறகும் கொண்ட பூச்சியைத் தேடினோம். அந்தக் கொடி எங்கே நிற்கும் என்று ரீச்சருக்கும் தெரியாது. அம்மம்மா ஒருவருக்குத் தெரிந்திருந்தது. முன்பு எந்த வளவில், இப்போது எந்த வாய்க்கால் கரையில் என்று இரண்டையும் சொன்னார். எதற்கெல்லாம் அதை அரைத்துக் கொடுப்பார்கள் என்றும் சொன்னார். இந்த இடத்தில் வைத்தியர்களாக ஒரு வார்த்தை: அந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிக்கக்கூடியது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்காக மூலிகை மருந்து எடுத்த பெண்கள் பலரின் சிறுநீரகம் பழுதானபோதுதான் உலகம் அதைக் கவனித்தது. பூச்சிக்குக் கவசமாக இருப்பது எமக்கு நஞ்சு. அம்மம்மாவின் அறிவை எழுதிவைப்பது வேறு, அதை உட்கொள்வது வேறு.

பூச்சியைப் பார்த்தலும் மனிதரைக் கேட்டலும் ஒரே தாளில் சேர்வது எமது பாடசாலையின் கண்டுபிடிப்பு அல்ல. மரியா சிபில்லா மேரியன் என்ற ஜெர்மானியப் பெண் 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கி, 1679இல் மயிர்க்கொட்டிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு புழுவையும் அது தின்னும் செடியோடு வரைந்தார். 1699இல், 52 வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். அங்கு வரைந்தவை 1705இல் நூலாயின. அதில் ஒரு படத்தில் எமது பாடசாலை முற்றத்தில் நிற்கும் அதே மயிற்கொன்றை இருக்கிறது, அதன் மேல் ஒரு அந்துப்பூச்சியின் முழு வாழ்க்கையும். பக்கத்தில் எழுதப்பட்ட குறிப்போ பூச்சியைப் பற்றியது மட்டுமல்ல. ஒல்லாந்தரிடம் அடிமைப்பட்டிருந்த பெண்கள், தமது பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறக்கக்கூடாது என்று இதன் விதையால் கருவை அழித்தார்கள் என்றும், அதை அவர்களே தம் வாயால் தமக்குச் சொன்னார்கள் என்றும் மேரியன் எழுதிவைத்தார். பூச்சியை வரையப் போனவரிடம் பெண்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள். தோட்டங்களின் கணக்குப் புத்தகங்களில் அதற்கு இடம் இருந்திருக்காது.

எமது நாட்டிலும் ஒரு குடும்பம் உண்டு. 1880 முதல் 1887 வரை மூன்று பாகங்களாக லண்டனில் வெளிவந்த இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலின் முகப்பில் பிரெடெரிக் மூர் என்ற பெயர் இருக்கும். படங்களுக்கு மூலம் பேராதனைப் பூங்காவில் வேலை பார்த்த ஓவியர் ஹர்மானிஸ் டி அல்விசின் மக்கள் வில்லியமும் ஜோர்ஜும் உயிருள்ள புழுவையும் கூட்டையும் பார்த்து வரைந்தவை. வரைந்தவனின் பெயர் சின்ன எழுத்தில் போவது அன்றும் வழக்கந்தான்.

பாடசாலைப் பாடமாக இது வந்த வழியையும் குறித்துவைக்க வேண்டும். 1930களில் கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸ என்ற கிராமத்துப் பாடசாலையில் ஊரையே பாடமாக்கும் முயற்சி ஒன்று நடந்தது. தோட்டம், சுகாதாரம், கைப்பணி, ஊர் பற்றிய ஆய்வு எல்லாம் அதில் அடக்கம். கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அதை ஆதரித்தார். அது நிலைக்கவில்லை. தம் பிள்ளைகளை மண்ணோடு கட்டிப்போடும் கல்வி என்று பெற்றோர் சந்தேகப்பட்டார்கள். ஆங்கிலமும் உத்தியோகமும் நகரப் பாடசாலையில் இருக்கும்போது கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மண்வெட்டி என்ற கேள்வி நியாயமானது என்றே நாமும் எண்ணுகிறோம். 1945இல் வந்த இலவசக் கல்வியால்தான் எம்மைப் போன்றவர்கள் வைத்தியர்களானோம். 1972 சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த பாடவிதானத்தைத் தந்தது. எமது ரீச்சர் அதில் பயின்றவர். 1998இல் கம்பகாவிலும் 1999இல் நாடு முழுவதும் முதலாம் தரத்தில் தொடங்கிய சீர்திருத்தத்தில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' ஒரு பாடமாகவே வந்தது. தாளில் நல்ல பாடம். ஆனால் நான்காம் தரத்திலேயே புலமைப்பரிசில் வினாத்தாள் மேசைக்கு வந்துவிடுகிறது. வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டம் நான்கு விடையில் ஒன்றைக் கீறிடுவதாகச் சுருங்குகிறது. ஒப்படை என்றால் தாய்மார் இரவில் கடையில் வாங்கிய படத்தைப் பிறிஸ்டல் போட்டில் ஒட்டுவது என்றாகிவிட்டது. எமது பிள்ளைகளுக்கு நாமும் ஒட்டிக் கொடுத்திருக்கிறோம். எருக்கலை இலை கேட்ட பிள்ளை இன்னும் வரவில்லை.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அவரே பழைய யாழைத் தேடி 1947இல் யாழ்நூலைத் தந்தார். விஞ்ஞானம் ஒருபக்கம், ஊரின் பழமை மறுபக்கம் என்று பிரித்துவைக்கத் தேவையில்லை என்பதற்கு எமது கரையிலேயே ஆள் இருந்தார். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எங்கே தேடுவது?

1990 தவணையில் ஊர்க் கொப்பியின் தலைப்பு 'அயலூர்'. மருதமுனைக் கைத்தறி, அக்கரைப்பற்றுப் பாய், கல்முனைச் சந்தை என்று பிரித்துத் தந்தார்கள். பாய் கொண்டுவந்து விற்கும் ராத்தா ஒருவரிடம் கேள்விகள் கேட்க எமது குழு ஆயத்தமாகியிருந்தது. புல்லை எங்கே வெட்டுவீர்கள், சாயம் என்ன, யாரிடம் பழகினீர்கள் என்று கேள்விகள் எழுதி, விடைக்கு இடமும் விட்டிருந்தோம். ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. ஊர் இடம்பெயர்ந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்தவற்றை இந்த மலரில் விரிக்க வேண்டியதில்லை. இரு பக்கத்தாருக்கும் தெரியும். சில மைல் தூரத்து ஊர் பல வருடங்களுக்கு வேறு நாடாயிற்று. ராத்தா பிறகு வரவில்லை.

எம்மில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து அக்கரைப்பற்றுப் பக்கத்தில் பணியாற்றியபோது, நீரிழிவுக்கு வரும் வயதான முஸ்லிம் பெண்களிடம் குடும்ப வரலாறு கேட்பார். தாய்க்கு இருந்ததா, தாயின் தாய்க்கு இருந்ததா என்று. ஒரு நாள் ஒரு மூதாட்டி, "எங்கட குடியில எல்லாருக்கும் சீனி மகள்" என்றாராம். எந்தக் குடி உம்மா என்று கேட்க, அவர் சொன்ன பெயர் எமது வகுப்புத் தோழி ஒருத்தியின் குடிப்பெயர். தாய்வழிக் குடி எமது கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1990இல் கேட்க முடிந்திருந்தால் ஆண்டு ஐந்திலேயே தெரிந்திருக்கும்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். கரையோர வீடுகளோடு உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் கலியாணப் படங்களும் போயின. எமது கொப்பிகளில் பெரும்பாலானவை முன்பே இடப்பெயர்விலும் கறையானிலும் அழிந்திருந்தன. மிஞ்சியவற்றில் பலவற்றைத் தண்ணீர் கொண்டுபோனது. அந்த நாளுக்குப் பிறகு, காணாமற்போன தன் தாயின் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று தேடிய ஒரு தோழிக்கு மிஞ்சியது, இன்னொருத்தியின் ஊர்க் கொப்பியில் அவளுடைய தாய் சூறாவளி இரவைப் பற்றிச் சொன்ன ஒன்றரைப் பக்கம். சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதப்பட்டது. "காத்து இல்ல பிள்ள அது, கூப்பிட்ட மாதிரி இருந்த" என்று தொடங்குகிறது.

இப்போது எமது கையில் மூன்று கொப்பிகள் உள்ளன: இரண்டு ஊர்க் கொப்பி, ஒரு பூச்சிக் கொப்பி. நூற்றாண்டுக் கண்காட்சியில் கீழ்ப்பிரிவு மண்டபத்தில் அவை வைக்கப்படும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகத்துக்கு அவற்றைப் படியெடுத்துக் கொடுக்கவும் எண்ணியிருக்கிறோம். எந்த ஆண்டு வகுப்பைச் சேர்ந்த கொப்பியானாலும், உறை போனதோ பாதி அரித்ததோ ஆனாலும், வைத்திருக்கும் தோழியர் சங்கச் செயலாளரிடம் தாருங்கள். படியெடுத்தபின் கொப்பி உங்களுக்கே திரும்பி வரும். நான்காம் தரப் பிள்ளைகள் கண்காட்சிக்காக வேலிக்கரையிலிருந்து எருக்கலைப் புழு கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டாவது ஊர்க் கொப்பியில் 'பாய்' என்ற தலைப்பும் ஆறு கேள்விகளும் உள்ளன. விடைக்கு விட்ட இடம் அப்படியே இருக்கிறது. அக்கரைப்பற்றில் பாய் பின்னும் கைகளைத் தெரிந்தவர்கள் அந்த ஆறு கேள்விகளையும் எம்மிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.